நாலாவது வில்லை

என் தங்கை வேதவதிக்கு வரன் பார்த்து நாங்கள் அலுத்துப்போயிருந்தோம். இரண்டு இடம் நிச்சயமாகிற தறுவாயில் தட்டிப்போயிற்று. ஒன்றில் ஜாதகத்தைத் திரும்பவும் பார்த்தார்களாம். இன்னொன்றில் காரணமே சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்தில் இரண்டு தடவை தட்டிப்போன பெண்ணைப் பற்றி யாரும் மெனக்கெட்டு விசாரிக்க வேண்டியதில்லை; வீதியே சொல்லிவிடும். அதனால் மூன்றாவதாக மெட்ராஸிலிருந்து அழகியமணவாளன் என்ற பையன் அமைந்தபோது, அவர்கள் கேட்டதற்கெல்லாம் அப்பா தலையை ஆட்டினார்.

அதிகமாகக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றுதான் பிடிவாதம். ஜானவாசத்துக்குக் கார் வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துவர மேல்மூடி இல்லாத கார். கடிதம் எழுதியவர் மாப்பிள்ளையின் அத்திம்பேர், அதாவது அக்கா புருஷன். தகப்பனார் இல்லாத பையனுக்கு அவர்தான் சகலமும். 'கார் இல்லையென்றால் மாப்பிள்ளை ஜாகையை விட்டுக் கிளம்ப மாட்டான், அடுத்த ரயிலில் திரும்பிவிடுவோம்' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். அடிக்கோடு போடுகிற மனிதர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. என்னை யார் கேட்டார்கள்?

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். திருச்சி வாடகைக் கார்கள் பெட்ரோலுக்குப் பதிலாக முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை கக்கிக்கொண்டிருந்தன. அதில் மாப்பிள்ளையை உட்கார வைத்தால் வீடு வந்து சேருவதற்குள் ஆளே கறுத்துவிடுவான். கடைசியில் ஜீயபுரம் ரங்கசாமிதான் கைகொடுத்தார். பெரிய வாழைத்தோட்டக்காரர், அப்பாவிடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்தவர். அவருடைய பழைய திறந்த கார் இரண்டு வருஷமாக வாழைத்தார்க் கொட்டகையில் கிடந்தது. "வீரராகவன் வாத்தியார் கேட்டு நான் இல்லேன்னு சொல்றதா?" என்று டிரைவர் வெள்ளைச்சாமியோடு இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவைத்தார்.

வண்டி வந்து எங்கள் வீட்டுக் கொல்லைப்புறச் சந்தில் நின்றது. நானும் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். முன்னால் தண்ணீர் நிற்கிற ரேடியேட்டர் முழுக்கப் பித்தளை. களிம்பு பிடித்துப் பச்சையாக இருந்தது. கல்யாண வீட்டில் பித்தளையைத் துலக்கப் புளிக்கா பஞ்சம்? சமையல்காரர் இருநூறு பேர் புளியோதரைக்கு அண்டாவில் ஊறப்போட்டிருந்தார். ஒரு கை எடுத்து வந்து தேய்த்தேன். பத்து நிமிஷத்தில் தங்கம்போல ஆகிவிட்டது. போகிற வருகிறவர்களெல்லாம் பாராட்டினார்கள். பாராட்டினால் எனக்குப் புத்தி நிற்காது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் செம்மண் குழம்பாக இருந்தது. வெளியே பளபளவென்று செய்த புளி உள்ளேயும் செய்யாதா என்று ஒரு குடம் புளித்தண்ணீரைக் கரைத்து ஊற்றினேன். பெட்ரோலுக்குப் போயிருந்த வெள்ளைச்சாமி வந்ததும் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விடச் சொன்னேன். புளி சங்கதியை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. பொன்மலை ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறவனுக்கு இன்ஜினைப் பற்றித் தெரியாதா என்று ஒரு மிதப்பு. ஆபீஸில் நான் பார்த்ததெல்லாம் லீவு விண்ணப்பங்கள்.

மறுநாள், அதாவது ஜானவாசத்தன்று காலை, வெள்ளைச்சாமி கொல்லைப்பக்கம் நின்று கத்தினான். வண்டிக்கு அடியில் பழுப்பாக ஒரு குளம். இன்ஜினின் பக்கவாட்டில் மூன்று இடத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு சாமி இதுல புளியை ஊத்தினது? ரசம் மாதிரி வாசனை அடிக்குது!"

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலக்கரைக்கு ஓடினேன். அங்கே ஹனீஃபா பாய் என்று ஒரு மெக்கானிக். நல்லவேளை, ஆள் இருந்தார். ஒரு சாக்குப் பையில் சாமான்களை அள்ளிப்போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். காவிரிப் பாலத்தில் எதிர்க்காற்று. அவரையும் அவருடைய சுத்தியல்களையும் இழுத்துக்கொண்டு மிதித்ததில் எனக்கு உயிர் போய் வந்தது. அது எனக்கு வேண்டியதுதான்.

பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். விரல் நுனியை மோந்து பார்த்தார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"இங்க பாருங்க சாமி" என்று இன்ஜின் பக்கத்தைக் காட்டினார். வட்டமாக, ஓர் அங்குல அகலத்தில் மூன்று தகரக் கிண்ணங்கள் பதிந்திருந்தன. "இதுக்கு உள்ளே தண்ணி ஓடுது. இன்ஜினை வார்க்கும்போது மணலை எடுக்க ஓட்டை விட்டு, அப்புறம் இந்த வில்லையை வச்சு அடைச்சிருக்காங்க. வெள்ளைக்காரன் ஊர்ல தண்ணி உறைஞ்சு கட்டியாயிடும் இல்லே? அப்ப இரும்பு வெடிக்காம இந்த வில்லை தெறிச்சு விழுந்துடும்."

ஸ்ரீரங்கத்தில் என்றைக்குத் தண்ணீர் உறைந்தது! ஆனி மாதத்து வெயிலில் காலை எட்டு மணிக்கே கருங்கல் சுட்டது. யாரோ ஒரு குளிர்தேசத்துக்காரனின் பயத்துக்கு வைத்த தகரம் என் தங்கையின் கல்யாணத்தில் வந்து ஓட்டையானால் நான் யாரைப் போய்க் கேட்பேன்?

"தகரம் எப்பவோ துருப்பிடிச்சுப் போச்சு" என்றார் பாய். "அந்தத் துருவேதான் இத்தனை நாளா தண்ணியைத் தடுத்துக்கிட்டிருந்துச்சு. நீங்க அதைப் போய்க் கழுவிட்டீங்க."

அப்பா கொல்லை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். "சாயங்காலம் ஆறு மணிக்குள்ளே ஆகுமா பாய்?" என்று மட்டும் கேட்டார்.

"புது வில்லைக்கு மெட்ராஸுக்கு எழுதணும் சாமி. யுத்தத்துல அங்கேயும் கிடைக்காது. அந்த அளவுக்கு வட்டமா, கனமா வேற ஏதாவது வேணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழைய காலணா இருக்குமா? ராஜா தலை போட்டது. அளவு சரியா இருக்கும்" என்றார்.

வீட்டில் இருந்த சில்லறையெல்லாம் புதுக் காசு. யுத்தத்துக்குச் செம்பு மிச்சம் பிடிக்கிறேன் என்று சர்க்கார் காலணாவின் நடுவில் ஓட்டை போட்டு விட்டிருந்தது. ஓட்டை அடைக்க ஓட்டைக் காசையா வைப்பது? கடைசியில் அம்மா, வேதவதியின் கல்யாணத்துக்காகத் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காசுகளைக் கொண்டுவந்தாள். நாலு வீடு தள்ளி ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும்போது திருப்பதிக்கு எதற்கு முடிச்சு என்று நான் எத்தனையோ தடவை பரிகாசம் செய்திருக்கிறேன். அன்று வாயைத் திறக்கவில்லை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்த்து மூன்று காலணா எடுத்துக் கொடுத்தாள்.

பாய் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். பழைய வில்லையின் நடுவில் உளியை வைத்து ஒரு தட்டு. அது ஒரு பக்கம் சரிந்து எழும்பியதும் கம்பியால் நெம்பி வெளியே எடுத்தார். ஓட்டை விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தார். காலணாவை ஒரு குழிக்கல்லில் வைத்து அடித்துக் கொஞ்சம் கிண்ணம்போல வளைத்தார். சிவப்பு ஈயப் பசையைத் தடவி, வளைந்த முதுகு வெளியே தெரியும்படி ஓட்டையில் வைத்து, நடுவில் குண்டுச் சுத்தியலால் ஒரே அடி. முதுகு தட்டையாகி, காசு நாலாபக்கமும் விரிந்து, ஓட்டையைக் கவ்விக்கொண்டது. வெள்ளைக்கார ராஜாவின் தலையில்தான் அடி விழுந்தது. வேறு நாளாக இருந்தால் சந்தில் இருந்தவர்கள் கை தட்டியிருப்பார்கள்.

மூன்றும் முடிய மத்தியானம் இரண்டு மணி. தண்ணீர் ஊற்றினார்கள். பக்கவாட்டில் ஒரு சொட்டு இல்லை. அம்மா உள்ளே போய்ப் பெருமாளுக்கு விளக்கேற்றினாள். வெள்ளைச்சாமி இன்ஜினை ஓட்டினான். ஐந்து நிமிஷம் கழித்து வண்டிக்கு நடுவில், அதுவரை காய்ந்திருந்த இடத்தில், தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது.

பாய் மறுபடியும் அடியில் போனார். வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "பின்னால நாலாவதா ஒண்ணு இருக்கு சாமி. இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவுல. கை போகாது, சுத்தியல் போகாது. இன்ஜினையே வெளியே தூக்கினாத்தான் ஆகும். ரெண்டு நாள் வேலை."

அப்பா சந்தில் கிடந்த கல்மேல் உட்கார்ந்துவிட்டார். மார்வலிக்காரர். ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று காலையிலிருந்து அவர் சாப்பிடவும் இல்லை. அவர்களை இறக்கியிருந்த ஜாகையில் சம்பந்தி வீட்டார் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேற வழியே இல்லையா பாய்?"

பாய் தயங்கினார். "ஒண்ணு இருக்கு. சொல்லக் கூடாது."

"சொல்லுங்கோ."

"முட்டை, சாமி. நாலு முட்டையோட வெள்ளைக்கருவைத் தண்ணியில ஊத்தினா, சூடு ஏற ஏற வெந்து, ஓட்டை இருக்கிற இடத்துல போய் உட்கார்ந்து அடைச்சுக்கும். ஒரு நாள் நிச்சயம் தாங்கும். நான் எத்தனையோ லாரிக்குப் பண்ணியிருக்கேன்."

அப்பா வண்டியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். அவர் யோசித்தார் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம், "மாப்பிள்ளை உட்கார்ற வண்டி. பெருமாள் எழுந்தருள்ற வீதி. வண்டி ஓடாட்டா போகட்டும் பாய், அது மட்டும் வேண்டாம்" என்றார்.

நான் பாயைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். காந்தி மார்க்கெட்டுக்குச் சைக்கிளில் போய் வாங்கி வந்துவிடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது, ரேடியேட்டர் மூடியை மூடிவிட்டால் பெருமாளுக்கே தெரியாது என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"பெரியவர் வேணாம்னுட்டாருங்க" என்றார் பாய். "என் கையால ஊத்தமாட்டேன். நாளைக்கு அவர் முகத்தைப் பார்க்கணும் இல்லே? வேணும்னா நீங்க ஊத்துங்க."

எனக்குத் தைரியம் வரவில்லை. புளி ஊற்றத் துணிந்த கை முட்டை ஊற்றத் துணியவில்லை. அந்தத் துணிச்சல் மட்டும் எனக்கு இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

சமையல்காரர்தான் உளுந்து மாவை யோசனை சொன்னார். அதுவும் வெந்தால் ஒட்டும்தானே? பாய்க்கு நம்பிக்கை இல்லை. "நின்னா நிக்கும்" என்றார். வடைக்கு அரைத்து வைத்திருந்த மாவில் இரண்டு கரண்டி எடுத்துக் கரைத்து ஊற்றினோம். இன்ஜினை ஓட்டினோம். சொட்டுவது குறைந்தது. அரைமணி கழித்து நின்றேவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய் மட்டும் கிளம்பாமல், சாமான் பையை வண்டியின் பின்பக்கம் வைத்துவிட்டு, "நானும் கூட வரேன்" என்றார்.

சாயங்காலம் ஊர்வலம் கோயிலின் தெற்கு வாசலில் கிளம்பியது. மாப்பிள்ளை கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, கழுத்தில் ரோஜா மாலையும் கையில் பூச்செண்டுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். நல்ல களையான முகம், சாதுவான கண். அத்திம்பேர் காருக்கு முன்னால் நடந்தார். மேலச் சித்திரை வீதி, வடக்குச் சித்திரை வீதி, அப்புறம் எங்கள் வீடு இருக்கிற கீழச் சித்திரை வீதி. இவ்வளவுதான் தூரம். நாதஸ்வரக்காரர் நின்று வாசிக்கும்போதெல்லாம் நான் குடத்தோடு ஓடிப்போய் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினேன். பார்த்தவர்கள் அதையும் ஒரு சடங்கு என்று நினைத்திருப்பார்கள். வடக்கு வீதி பாதி தாண்டுவதற்குள் ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பியது. வீதி முழுக்க இட்லி வேகிற வாசனை. மாவு நாலாவது வில்லையை அடைத்ததோடு நிற்கவில்லை, தண்ணீர் போகிற வழியையெல்லாம் அடைத்துவிட்டது. கீழச் சித்திரை வீதியில் திரும்பியதும் வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. எங்கள் வீடு பத்தாவது வீடு. வாசலில் கட்டியிருந்த வாழைமரம் தெரிந்தது. ஆரத்தித் தட்டோடு பெண்டுகள் நிற்பதும் தெரிந்தது.

வெள்ளைச்சாமி முடுக்கிப் பார்த்தான். பாய் மூடியைத் திறக்கப் போனார். கொதிநீர் பீறிட்டுக் கையில் பட்டது. இனி ஓடாது என்று அவர் தலையை ஆட்டினார்.

நாதஸ்வரம் நின்றது. அத்திம்பேர் திரும்பி வந்தார். "என்ன ஸ்வாமி இது? கல்யாண ஆத்து வாசல்லே வந்து நின்னுபோச்சு. சகுனம் நன்னால்லையே" என்றார். வீதியில் எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னார். "மாப்பிள்ளை நடுவீதியிலே இறங்கப்படாது. இறங்கினா நேரே ஜாகைக்குத்தான். ராத்திரி ரயில் இருக்கு."

அப்பா அங்கவஸ்திரத்தை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். காருக்குப் பின்னால் போய்க் கட்டியிருந்த உபரிச் சக்கரத்தின்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தார். "அப்பா, நீங்க வேண்டாம்" என்று நான் ஓடினேன். "உன் பக்கத்தைத் தள்ளுடா" என்றார். பாய் வெந்த கையை உதறிக்கொண்டு இன்னொரு பக்கம் வந்தார். எங்கள் மனிதர்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். சம்பந்தி வீட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் இருந்தார்கள், என்னைவிடத் திடகாத்திரமானவர்கள். மாப்பிள்ளை வீட்டார் வண்டி தள்ளினால் கௌரவம் என்ன ஆவது? ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

வண்டி அசைந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். தலை நரைத்த ஒரு மனுஷர் குனிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, தன்னைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. பூச்செண்டைச் சீட்டில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தான். பளபளவென்று ஒரு பூட்ஸ் கால் வெளியே வந்து படியில் நின்றது. இறங்குடா, இறங்குடா என்று நான் உள்ளுக்குள் கதறினேன். அத்திம்பேர் அவனைப் பார்த்தார். பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார், வகுப்பில் வாத்தியார் பையனை உட்காரச் சொல்கிறமாதிரி. பூட்ஸ் கால் உள்ளே போயிற்று. கதவு சாத்திக்கொண்டது. பூச்செண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் வீடு வரும்வரை அவன் திரும்பவில்லை.

நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது. பத்து வீடு. அவ்வளவு நீளமான வீதியை நான் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. அப்பாவின் மூச்சு எனக்கு மேளத்தையும் மீறிக் கேட்டது. வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். அத்திம்பேர் சிரித்த முகமாக இறங்கச் சொன்னார், மாப்பிள்ளை இறங்கினான். கல்யாணம் நின்றுவிடவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம். அப்பாவைக் கூடத்துத் தூணோரம் சாய்த்து உட்காரவைத்து அம்மா விசிறினாள். பாய் சொல்லிக்கொள்ளாமல் சந்து வழியாகப் போய்விட்டார்.

லக்னப் பத்திரிகை வாசிக்கிற நிச்சயதார்த்தத்துக்குப் பெண்ணை அழைத்துவரச் சொல்லி என்னை மாடிக்கு அனுப்பினார்கள். அலங்காரம் பண்ணிவிட்ட பெண்டுகள் மாப்பிள்ளையைப் பார்க்க ஓடிப்போயிருந்தார்கள். வேதவதி தனியாக, வீதிப்பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டுப்புடவையில் அவள் வேறு யாரோபோல இருந்தாள்.

"அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லே. ஜலம் குடிச்சார். சரியாயிடுத்து."

"அவர் இறங்கலையா அண்ணா?"

எந்த அவர் என்று நான் கேட்கவில்லை. "இறங்கறேன்னுதான் சொன்னார். நாங்கதான் வேண்டாம்னு உட்காரவச்சுட்டோம்" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

"நான் இங்கேயேதான் நின்னுண்டிருந்தேன்" என்றாள். "காலை வெளியே வச்சார். அந்த மனுஷர் கை காமிச்சார். உள்ளே இழுத்துண்டுட்டார்."

கீழே யாரோ, "சேஷு, பெண்ணை அழைச்சுண்டு வா, நாழியாறது" என்று கூப்பிட்டார்கள்.

"அண்ணா, நான் இப்போ கீழே வரணுமா?" அவள் அழவில்லை. நிஜமாகவே கேட்டாள். "நீ வராதேன்னு சொன்னா வரலை. நீ சொல்லு."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. மூன்றாவது தடவையும் தட்டிப்போன பெண் என்று வீதி சொல்லும்; சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்திருக்கலாம். தூணில் சாய்ந்திருந்த அப்பாவை நினைத்தேன். இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அவளைத் தவிர மற்ற எல்லாரையும் நினைத்தேன்.

"லக்னப் பத்திரிகை வாசிக்கப் போறா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் கம்பியிலிருந்து கையை எடுத்து, தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எனக்கு முன்னால் படி இறங்கினாள்.